கால் நிலைக்காத இடம்

முப்பத்தாறு கயிறு என்னுடையது.
முப்பத்தாறிலும் பாசி வெளுத்துவிட்டது,
சப்பிப் போட்ட எலும்பு போல.
தொட்டால் ஒடிகிறது.
ஒடிந்ததை அலை கொண்டுபோய்
ஓட்டல் வாசலில் கொட்டுகிறது.
அங்கே சீருடைப் பையன் ஒருவன்
அதை வாரிக் குழியில் புதைக்கிறான்.
விருந்தாளிகளுக்கு அந்த வாடை ஆகாதாம்.

ஜம்பியானிக் கடல் வற்றும்போது
நெடுந்தூரம் போய்விடும்.
கண்ணுக்கு எட்டும்வரை மணல், முளைக்குச்சி,
குனிந்த முதுகுகள்.
குழிகளில் தங்கிய தண்ணீரில் கால் வைத்தால்
கஞ்சிச் சட்டிக்குள் வைத்த மாதிரி.
கருவியை முக்கிப் பார்த்த ஆராய்ச்சிக்காரப் பெண்
முப்பத்தெட்டு என்றாள்.
எனக்கு முப்பத்தெட்டு வந்தால்
பாய் விரித்துப் படுத்துக்கொள்வேன்.
கடல் எங்கே போய்ப் படுக்கும்?

பாசி நன்றாக விளைந்த காலத்தில்
கூரைக்குப் பதினெட்டுத் தகரம் வாங்கினேன்.
ரசீதில் என் பெயர், மிசா பாண்டு.
அந்தத் தகரத்தின் கீழ் நின்றுதான்
மகாமேயிடம் சொன்னேன்.
போய் வா என்று இல்லை.
போ.
அந்த மழைக்காலம் முழுக்க
கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியும்
காசு எண்ணுகிற சத்தமாகக் கேட்டது எனக்கு.

"ஆழத்தில் கட்டு" என்கிறார் எடைக்காரர்,
தராசுக் கொக்கியைப் பார்த்தபடி.
"அங்கே தண்ணீர் குளிர்ச்சி. பாசி சாகாது."
முள்பாசி இங்கேயே சாகாமல் கிடக்கிறதே என்றேன்.
அதற்குப் பாதி விலைகூட இல்லை;
இரண்டு சாக்கு சுமந்தால் ஒரு வேளை அரிசி.
எங்கோ யாரோ பல் துலக்கும் பசை
வழியாமல் நிற்பதே எங்கள் பாசியால்தானாம்.
நிற்கட்டும்.
எனக்குத்தான் கால் நிற்காது அந்த ஆழத்தில்.

என் தம்பி ஹாஜியை ஆறு வயதில்
படகிலிருந்து தூக்கிக் கடலில் போட்டார் அப்பா.
கத்தினான், குடித்தான், நீந்தினான்.
அன்று நான் கரையில்
பேய்க்கணவாயைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தேன்.
பெண்பிள்ளை நனைந்தால் துணி உடம்போடு ஒட்டும்,
பார்ப்பவர்கள் பார்ப்பார்கள்.
இருபது வருடமாகக் கடலில்தான் வேலை.
இடுப்புக்கு மேல் கடலை எனக்குத் தெரியாது.

சுபிராவுக்கும் தெரியாது.
கடனுக்கு வாங்கினாள் பத்துக் கயிறு, ஆழத்தில் கட்ட.
ஓதம் திரும்பியதைப் பார்க்காமல்
ஒரு முடிச்சு, இன்னும் ஒரு முடிச்சு என்று
நின்றுவிட்டாள்.
அவள் கட்டிய கயிறுகள் மறுநாளும் இருந்தன,
ஒரு முடிச்சுகூட அவிழாமல்.
நல்ல முடிச்சுக்காரி.

இப்போது அமாவாசை ஓதத்தில்,
சுபுஹ் பாங்குக்கு முன்னால்,
ஏழு பேர் இறங்குகிறோம்.
ஆளுக்கொரு எண்ணெய்க் கேன்,
மஞ்சள் நிறம், வயிற்றோடு கட்டி,
ஏழு பிள்ளைத்தாய்ச்சிகள் போல.
யாராவது சிரித்தால் மற்றவர்கள் அடக்குகிறோம்.
முவானாகெரி வாய்க்குள் போன கடலைத் துப்பிவிட்டு
"உப்பு அதிகம்" என்கிறாள்,
யாரோ வைத்த குழம்பைச் சொல்வது போல.

நேற்று என் பெருவிரல் தரையைத் தேடியது.
இல்லை.
இன்னும் நீட்டினேன். இல்லை.
கீழே தண்ணீர் குளிர்ந்திருந்தது,
எடைக்காரர் சொன்னது பொய்யில்லை.
நான் மூழ்கவில்லை என்பது
கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது எனக்கு.

பள்ளிவாசல் விளக்கு எரிந்தபோது
கரையில் கூரைகள் தெரிந்தன.
கடலிலிருந்து என் வீட்டை நான் பார்த்ததே இல்லை.
எது என்னுடையது என்று தேடினேன்.
எல்லாமே துரு ஏறிப் போயிருக்கிறது.

அடுத்தது படகு.
ஹாஜியிடம்தான் கேட்க வேண்டும்.
மூன்றில் ஒரு பங்கு கேட்பான்.
நாலில் ஒன்றுக்கு மேல் கிடையாது என்று
ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே
சொல்லிப் பார்க்கிறேன், சத்தமாக.